உப ஆள்களத்தின் அதிகாரத்தை முறையாகக் கையளித்தல்

கிளிநொச்சியில் தலைமை அலுவலகமும் முல்லைத்தீவில் கிளையும் கொண்ட நெல் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சங்கத்துக்கு 'உதாரணம்.இலங்கை' என்ற ஆள்களப் பெயர் இருக்கிறது. முல்லைத்தீவுக் கிளை தன் நெல் கொள்வனவுப் பக்கத்துக்கு ஒரு பெயரும், கணக்கு வேலைக்கு இன்னொரு பெயரும், மின்னஞ்சலுக்கு வேறொரு பெயரும் கேட்கும்போதெல்லாம், கிளிநொச்சியில் இருக்கும் ஒரே ஒரு கணினி அலுவலர் தன் கோப்பைத் திறந்து ஒரு வரியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அறுவடைக் காலத்தில் அவர் களஞ்சியத்தில் மூட்டை எண்ணிக்கொண்டு நிற்பார், தொலைபேசியை எடுக்கமாட்டார். அப்போதுதான், 'முல்லை.உதாரணம்.இலங்கை' என்ற உப ஆள்களப் பெயரையும் அதற்குக் கீழே வரப்போகும் எல்லாப் பெயர்களையும் முல்லைத்தீவிடமே ஒப்படைத்துவிட முடியாதா என்ற கேள்வி எழுகிறது.

தாராளமாக முடியும், பெயரைக் கொடுத்தால் கணினியின் எண் முகவரியைத் தேடித் தரும் ஆள்களப் பெயர் முறைமை பிறந்ததே இந்தத் தேவையினால்தான். 1980களின் தொடக்கம் வரை இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பிலிருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. அதை அமெரிக்காவில் ஒரே நிலையம் பேணியது. மற்ற எல்லோரும் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். பெயர்கள் பெருகியபோது அந்த ஒரு கோப்பினால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. போல் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்து, 1987 நவம்பரில் ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய இணையத் தொழில்நுட்ப ஆவணங்களில் நிலைபெற்ற புதிய முறைமை, ஒவ்வொரு பகுதியையும் அதற்குரியவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தது. நம் கிளிநொச்சி அலுவலரின் சிக்கல் அந்தப் பழைய சிக்கலேதான், அளவுதான் சிறியது.

இந்த வழிகாட்டியில் வரும் பெயர்கள் கற்பனையானவை; 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்கும் முகவரிகள் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. கட்டளைகளையும் பதிவு வகைகளையும் வாசிப்புக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட வேண்டும். தமிழ் ஆள்களப் பெயர்களும், பெயர்களும் முகவரிகளும் எழுதப்படும் வலயக் கோப்புக்குள் தமிழாக இருப்பதில்லை. 'எக்ஸ்என்' என்ற இரண்டு எழுத்துகளும் இரண்டு சிறு கோடுகளும் முன்னால் வரும் புனிகோட் வடிவமாகவே இருக்கும். ஒரு பெயரின் ஒவ்வொரு துண்டுக்கும் 63 பைட்டுகள், முழுப் பெயருக்கும் 255 பைட்டுகள் என்ற எல்லை இந்த வடிவத்துக்கே பொருந்துவதால், 'புதுக்குடியிருப்பு' போன்ற நீண்ட ஊர்ப் பெயர்களைப் பெயரின் துண்டாக வைக்க விரும்புவோர் முதலில் மாற்றிப் பார்த்து நீளத்தை எண்ணிக்கொள்வது நல்லது.

கையளிப்பு தேவைதானா

எல்லா உப ஆள்களத்துக்கும் கையளிப்பு தேவைப்படாது. கிளைக்கு மூன்று பெயர்கள் மட்டும் வேண்டும், அவையும் ஆண்டுக்கு ஒரு முறைதான் மாறும் என்றால், தலைமை வலயத்திலேயே மூன்று வரிகளைச் சேர்த்துவிட்டுப் பேசாமல் இருப்பதே அறிவுடைமை. பெயர்களை வேறொரு கை பராமரிக்கப்போகிறது, அந்தக் கை ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு நிற்கக் கூடாது என்பதே கையளிப்புக்கான நியாயமான காரணம். பெயரில் ஒரு புள்ளி கூடுவதற்காகப் புதிய வலயம் தொடங்குவது வீண்வேலை.

இங்கே ஆள்களம் வேறு, வலயம் வேறு என்பதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வன்னியில் இதை விளக்குவது எளிது. முல்லைத்தீவு ஒரே மாவட்டம். ஆனால் பாடசாலை நிர்வாகத்துக்கு அது முல்லைத்தீவு, துணுக்காய் என்று இரண்டு கல்வி வலயங்களாக இருக்கிறது. மல்லாவியில் உள்ள ஒரு பாடசாலை முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் இருந்தாலும், ஆசிரியர் இடமாற்றம் பற்றி முல்லைத்தீவு வலய அலுவலகத்தில் கேட்டால், துணுக்காய்க்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். ஆள்களம் என்பது மாவட்டத்தைப் போன்றது, 'உதாரணம்.இலங்கை' என்று முடியும் எல்லாப் பெயர்களும் அதில் அடங்கும். வலயம் என்பது ஒரு நிர்வாகத்தின் கோப்புக்குள் உண்மையில் இருக்கும் பகுதி. கையளிப்பு நடந்ததும் முல்லை என்ற பெயர் ஆள்களத்துக்குள்ளேயே இருக்கும். தலைமை வலயத்திலிருந்து மட்டும் வெட்டுப்பட்டுவிடும். அந்த வெட்டுக்கு மேலே இருப்பதைத் தாய் வலயம் என்றும் கீழே இருப்பதைச் சேய் வலயம் என்றும் அழைப்போம்.

கேள்வி செல்லும் வழி

ஒட்டுசுட்டானில் ஒருவர் தன் தொலைபேசியில் 'நெல்.முல்லை.உதாரணம்.இலங்கை' என்று தட்டும்போது, அந்தக் கேள்வி அவருடைய இணைய வழங்குநரின் ரிசால்வருக்கு, அதாவது பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் சேவையகத்துக்கு, போகிறது. அந்த ரிசால்வரின் நினைவில் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது முதலில் பெயர் வரிசையின் உச்சியில் உள்ள வேர்ச் சேவையகம் ஒன்றைக் கேட்கும். வேருக்கு 13 பெயர்களில் சேவையகங்கள் உண்டு, அவற்றை 12 நிறுவனங்கள் நடத்துகின்றன. வேர் விடையைச் சொல்லாது. 'இலங்கை' என்பதைப் பார்த்துக்கொள்பவர்கள் இன்னார் என்று மட்டும் கைகாட்டும். 2010இல் வேர் வலயத்தில் சேர்க்கப்பட்ட 'இலங்கை' என்ற அந்த உயர்நிலைப் பெயரை, '.எல்கே' என்பதை நடத்தும் பதிவகமே நடத்துகிறது. அதன் சேவையகங்கள் 'உதாரணம்' யாரிடம் இருக்கிறது என்று கைகாட்டும். கிளிநொச்சிச் சேவையகம் 'முல்லை' யாரிடம் இருக்கிறது என்று கைகாட்டும். முல்லைத்தீவின் சேவையகம்தான் கடைசியில் விடையைச் சொல்லும்.

ஆக, உங்கள் சங்கத்தின் பெயரே ஒரு கையளிப்பினால் வந்தது. அதையே நீங்கள் ஒரு படி கீழே செய்கிறீர்கள். நாளைக்கு முல்லைத்தீவுக் கிளை தன் வலயத்துக்குள் மாங்குளத்துக்கு ஒரு பகுதியை வெட்டிக் கொடுக்க விரும்பினால், அதற்குக் கிளிநொச்சியைக் கேட்க வேண்டியதில்லை. கிளிநொச்சியின் கோப்பில் ஒரு எழுத்தும் மாறாது.

இந்தக் கைகாட்டலில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சேய் வலயம் எந்தச் சேவையகங்களிடம் இருக்கிறது என்று சொல்லத் தாய் வலயத்தில் எழுதப்படும் என்எஸ் பதிவுகள் அதிகாரபூர்வமான விடை அல்ல. அவை வழிகாட்டிப் பலகை மட்டுமே. அதே என்எஸ் பதிவுகள் சேய் வலயத்தின் உச்சியிலும் இருக்க வேண்டும். அங்கே இருப்பவைதான் அதிகாரபூர்வமானவை. விடையுடன் வரும் 'ஏஏ' என்ற கொடி இந்த வேறுபாட்டைக் காட்டும்: தாய் கைகாட்டும்போது அந்தக் கொடி இராது, சேய் பதில் சொல்லும்போது இருக்கும். சில ரிசால்வர்கள் தாய் சொன்ன பட்டியலையே தொடர்ந்து பயன்படுத்தும். சில, சேயின் பட்டியல் கிடைத்ததும் அதற்கு மாறிவிடும். இரண்டு பட்டியல்களும் ஒன்றாக இருந்தால் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஒன்றுக்கொன்று முரண்பட்டால், ஒரே பெயர் ஒருவருக்குத் திறந்து மற்றவருக்குத் திறக்காத விசித்திரமான கோளாறுகள் வரும். என் அனுபவத்தில் கையளிப்புக் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

சேயை முதலில் ஆயத்தம் செய்தல்

வேலையின் ஒழுங்கு முக்கியமானது. முதலில் சேய் வலயம் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகே தாய் வலயத்தில் கைகாட்ட வேண்டும். ஒழுங்கை மாற்றுவது, வரம்பு கட்டாத வயலுக்குத் துருசைத் திறந்துவிடுவதைப் போன்றது.

சேய் வலயத்துக்குக் குறைந்தது இரண்டு பெயர்ச் சேவையகங்கள் வேண்டும். அவை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு வலையமைப்புகளில் இருக்க வேண்டும் என்று 1997இல் வந்த ஆர்எஃப்சி 2182 வற்புறுத்துகிறது. ஒரே அறையில், ஒரே யூபிஎஸ்ஸில், ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இரண்டு கணினிகளை வைத்துவிட்டு இரண்டு சேவையகங்கள் இருப்பதாகச் சொல்வது நம்மை நாமே ஏமாற்றுவது. மாரி காலத்தில் ஒரு மரம் மின்கம்பியில் விழுந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

அதிகாரம் முல்லைத்தீவில் இருப்பதற்கு இயந்திரமும் முல்லைத்தீவில் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோப்பைத் திருத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அதிகாரம். எனவே நம் எடுத்துக்காட்டில் கிளையினர் 'பெயர்1.முல்லை.உதாரணம்.இலங்கை' என்ற சேவையகத்தைக் கொழும்பில் உள்ள தரவு நிலையம் ஒன்றில் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதன் முகவரி 192.0.2.53. இரண்டாவதாக, கிளிநொச்சி அலுவலகம் தன்னுடைய 'பெயர்2.உதாரணம்.இலங்கை' என்ற சேவையகத்தில், 198.51.100.53 என்ற முகவரியில், பிரதி வைத்திருக்க இணங்குகிறது. கோப்பைத் திருத்துவது முல்லைத்தீவு. பிரதி எடுப்பது கிளிநொச்சி. சேய் வலயத்தின் தலைப்பகுதி இவ்வாறு அமையும் (எஸ்ஓஏ என்பது வலயத்தின் பொறுப்பைச் சொல்லும் முதற்பதிவு, ஏ என்பது முகவரிப் பதிவு):

முல்லை.உதாரணம்.இலங்கை. எஸ்ஓஏ பெயர்1.முல்லை.உதாரணம்.இலங்கை. நிர்வாகி.உதாரணம்.இலங்கை. 2025101501 7200 1800 1209600 300
முல்லை.உதாரணம்.இலங்கை. என்எஸ் பெயர்1.முல்லை.உதாரணம்.இலங்கை.
முல்லை.உதாரணம்.இலங்கை. என்எஸ் பெயர்2.உதாரணம்.இலங்கை.
பெயர்1.முல்லை.உதாரணம்.இலங்கை. ஏ 192.0.2.53
நெல்.முல்லை.உதாரணம்.இலங்கை. ஏ 192.0.2.80

எஸ்ஓஏ வரியில் இரண்டாவதாக வரும் பெயர், பொறுப்பாளரின் மின்னஞ்சல் முகவரி. அதில் '@' குறிக்குப் பதிலாகப் புள்ளி இடப்படுகிறது. அதை அடுத்து வருவது தொடர் எண். ஆண்டு, மாதம், திகதி, அன்றைய எத்தனையாவது திருத்தம் என்ற ஒழுங்கில் எழுதுவது வழக்கம். கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணைக் கூட்டாவிட்டால், பிரதி வைத்திருக்கும் சேவையகத்துக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. 1209600 என்பது விநாடிகளில் இரண்டு வாரம்: மூலச் சேவையகத்தை அணுக முடியாத நிலையில் எவ்வளவு காலம் பிரதி தொடர்ந்து பதில் சொல்லலாம் என்பதற்கான எல்லை. 1996இல் வந்த ஆர்எஃப்சி 1912 இரண்டு முதல் நான்கு வாரம் வரை பரிந்துரைக்கிறது. நம் பகுதியில் அதைக் குறைப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. கடைசி எண்ணான 300, இல்லாத பெயரைக் கேட்டவருக்குச் சொல்லப்படும் 'இல்லை' என்ற விடை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கப்படலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆரம்ப நாள்களில் இது சிறிதாக இருப்பது நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

ஒவ்வொரு முழுப் பெயரின் முடிவிலும் உள்ள புள்ளியைப் பாருங்கள். அது இல்லையென்றால் மென்பொருள் வலயத்தின் பெயரைத் தானாகவே பின்னால் ஒட்டிவிடும்; 'பெயர்1.முல்லை.உதாரணம்.இலங்கை.முல்லை.உதாரணம்.இலங்கை' என்ற வால் நீண்ட பெயர் பிறக்கும். இந்தத் தவறை நான் செய்தது ஒரு முறையல்ல. ஒரு தடவை பரந்தனில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் தொலைபேசி வழியாகவே கோப்பைத் திருத்தி, ஒரு புள்ளியை விட்டுவிட்டு, வவுனியா போய்ச் சேரும் வரை அதைக் கண்டுபிடிக்கவில்லை. பைண்ட் என்ற பெயர்ச் சேவையக மென்பொருளைப் பயன்படுத்துவோர் 'நேம்ட்-செக்ஸோன்' என்ற கட்டளையால் கோப்பைச் சோதித்த பிறகே ஏற்ற வேண்டும். ஆயினும் அது எழுத்திலக்கணப் பிழையைக் காட்டுமே தவிர, விடுபட்ட எல்லாப் புள்ளிகளையும் காட்டிக்கொடுக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

என்எஸ் பதிவு எப்போதும் ஒரு பெயரையே காட்ட வேண்டும். முகவரியைக் காட்டக் கூடாது. அந்தப் பெயர், வேறொரு பெயரைச் சுட்டும் சிநேம் பதிவாகவும் இருக்கக் கூடாது. அதற்கு நேரடியான முகவரிப் பதிவு இருக்க வேண்டும். சேவையகத்தின் 53ஆம் வாயில் யூடிபி, டிசிபி என்ற தரவு அனுப்பும் முறைகள் இரண்டுக்கும் திறந்திருக்க வேண்டும். யூடிபி மட்டும் போதும் என்பது பழைய நம்பிக்கை. பெரிய விடைகள் டிசிபி வழியாகவே முழுமையாக வந்து சேரும். இந்தச் சேவையகங்கள் மற்றவர்களுக்காகத் தேடித் தரும் வேலையைச் செய்யாதபடி, ரிகர்ஷன் என்ற வசதியை நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்ததும், பெயர்ச் சேவையகங்களைக் கேட்க உதவும் 'டிக்' என்ற கட்டளையால் ஒவ்வொரு சேவையகத்தையும் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள்:

டிக் +நோரெக் @192.0.2.53 முல்லை.உதாரணம்.இலங்கை எஸ்ஓஏ
டிக் +நோரெக் @198.51.100.53 முல்லை.உதாரணம்.இலங்கை எஸ்ஓஏ

இரண்டிலும் ஏஏ கொடி இருக்க வேண்டும். இரண்டிலும் தொடர் எண் ஒன்றாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் தாய் வலயத்தின் பக்கம் போகாதீர்கள்.

வெட்டுக்குக் கீழே மறைபவை

தாய் வலயத்தைத் தொடுவதற்கு முன் இன்னொரு கணக்கெடுப்பு இருக்கிறது. முல்லைத்தீவுக் கிளைக்காக ஏற்கெனவே தலைமைக் கோப்பில் எழுதப்பட்ட பதிவுகள் எவை? 'நெல்.முல்லை' என்ற பெயர் இரண்டு ஆண்டுகளாகத் தாய்க் கோப்பிலேயே இருந்திருக்கலாம். கையளிப்பு வரி ஏறிய கணமே, வெட்டுக்குக் கீழே உள்ள எல்லாப் பழைய பதிவுகளும் மறைந்துபோகும். அவை கோப்பில் அப்படியே கிடக்கும், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் சேவையகம் அவற்றை விடையாகக் கொடுக்காது. சேய்க் கோப்பில் அவற்றைப் பிரதி செய்யாமல் விட்டிருந்தால், நேற்று வரை திறந்த பக்கம் இன்று திறக்காது.

இதில் பெரும்பாலும் மறக்கப்படுபவை மின்னஞ்சல் தொடர்பான பதிவுகள். இணையப் பக்கம் திறக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள். அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவும், அனுப்புநரை உறுதிப்படுத்தும் டிஎக்ஸ்டி பதிவுகளும் தொலைந்தால், அஞ்சல் வராததை மக்கள் பல நாள் கழித்தே உணர்வார்கள். தாய் வலயத்தில் விண்மீன் குறியிட்ட பொதுப் பதிவு ஒன்று இருந்து, எழுதப்படாத பெயர்களுக்கெல்லாம் அது பதில் சொல்லிக்கொண்டிருந்தால், அதன் நிழலும் வெட்டுக்குக் கீழே விழாது. ஆகவே தாய்க் கோப்பில் 'முல்லை' வரும் ஒவ்வொரு வரியையும் தேடி எடுத்து, சேய்க் கோப்பில் இருக்கிறதா என்று இருவர் சேர்ந்து சரிபார்ப்பதே பாதுகாப்பு.

தாய் வலயத்தில் கைகாட்டுதல்

இப்போது கிளிநொச்சி அலுவலர் தன் கோப்பில் மூன்று வரிகளைச் சேர்க்கிறார்:

முல்லை.உதாரணம்.இலங்கை. 3600 என்எஸ் பெயர்1.முல்லை.உதாரணம்.இலங்கை.
முல்லை.உதாரணம்.இலங்கை. 3600 என்எஸ் பெயர்2.உதாரணம்.இலங்கை.
பெயர்1.முல்லை.உதாரணம்.இலங்கை. 3600 ஏ 192.0.2.53

மூன்றாவது வரிதான் 'க்ளூ' எனப்படும் ஒட்டுப் பதிவு. முல்லையின் பெயர்களைப் பற்றிப் பெயர்1 என்ற சேவையகத்திடம் கேட்க வேண்டும் என்று தாய் சொல்கிறது. ஆனால் பெயர்1 என்ற பெயரே முல்லைக்குள் இருக்கிறது. அதன் முகவரியை அறிய முல்லையைக் கேட்க வேண்டும், முல்லையைக் கேட்க அதன் முகவரி வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அந்தச் சுழலை உடைக்கவே தாய் வலயம் முகவரியையும் கூடவே சொல்லி அனுப்புகிறது. பெயர்2க்கு ஒட்டுப் பதிவு தேவையில்லை. அதன் முகவரி தாய் வலயத்தின் சொந்தப் பதிவாகவே இருக்கிறது. சேவையகத்தின் பெயர் முற்றிலும் வேறொரு ஆள்களத்தில் இருந்தால், அதற்கான முகவரியைத் தாய்க் கோப்பில் எழுதவே கூடாது. ரிசால்வர் அதைத் தனியே தேடிக்கொள்ளும்.

பெயர்1இன் முகவரி மாறும் நாளில், அதைச் சேய்க் கோப்பிலும் தாய்க் கோப்பின் ஒட்டுப் பதிவிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஒரு பதிவை ரிசால்வர் நினைவில் வைத்திருக்கக்கூடிய ஆயுட்காலமாக 3600 விநாடிகளை இட்டிருப்பது ஆரம்பத்துக்காக. ஒரு வாரம் அமைதியாகப் போன பிறகு 86400 ஆக உயர்த்தலாம். வேர் வலயம் தன் கையளிப்புகளுக்கு 172800 விநாடிகள், அதாவது இரண்டு நாள், கொடுக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

வரியை ஏற்றுவதற்கு முன்னர் ஆவல் தாங்காமல் பொது ரிசால்வரிடம் புதிய பெயரைக் கேட்டுப் பார்க்காதீர்கள். அது 'இல்லை' என்ற விடையைப் பெற்று, தாய் வலயத்தின் எஸ்ஓஏ சொல்லும் நேரம் முழுவதும் அதையே நினைவில் வைத்திருக்கும். பிறகு நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பெயர் திறக்காது. பிழை எங்கே என்று தெரியாமல் சரியாக இருப்பதையெல்லாம் கலைக்கத் தொடங்குவீர்கள்.

பாதிப் பேருக்கு மட்டும் திறக்கும் கோளாறு

சரிபார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அதில் நான் விழுந்திருக்கிறேன். தாய் வலயத்துக்கு இரண்டு சேவையகங்கள் உண்டு: ஒன்று 203.0.113.53 என்ற முகவரியில் உள்ள தலை1, மற்றது பெயர்2. பெயர்2 தாய், சேய் இரண்டு வலயங்களையும் வைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு சேவையகத்தில் இரண்டு வலயங்களும் இருந்தால், கேட்கப்பட்ட பெயருக்கு மிக நெருங்கிய வலயத்திலிருந்தே அது பதில் சொல்லும். ஆகவே தாய்க் கோப்பில் என்எஸ் வரிகளை எழுதவே மறந்திருந்தாலும் பெயர்2 சரியான விடையைக் கொடுக்கும், அதுவும் ஏஏ கொடியுடன். தலை1 மட்டும் அப்படி ஒரு பெயரே இல்லை என்று மறுக்கும்.

ரிசால்வர்கள் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும். மேசையில் அருகருகே இருந்த இரண்டு தொலைபேசிகளில் ஒன்றில் பக்கம் திறந்தது, மற்றதில் திறக்கவில்லை. மாலையில் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. கேபிளையும் ரவுட்டரையும் சந்தேகித்து ஒரு நாள் போனது. தாய்க் கோப்பில் அந்த வரிகள் இல்லை என்பதை மறுநாள்தான் பார்த்தோம். எனவே கையளிப்பைச் சோதிக்கும்போது, சேய் வலயத்தை வைத்திராத தாய்ச் சேவையகத்தையே கேட்க வேண்டும்:

டிக் +நோரெக் @203.0.113.53 நெல்.முல்லை.உதாரணம்.இலங்கை ஏ

இதற்கு வரும் பதிலில் விடைப் பகுதி வெறுமையாக இருக்க வேண்டும். அதிகாரப் பகுதியில் இரண்டு என்எஸ் வரிகளும், கூடுதல் பகுதியில் பெயர்1இன் முகவரியும் இருக்க வேண்டும். ஏஏ கொடி இருக்கக் கூடாது. பிறகு '+டிரேஸ்' என்ற தெரிவுடன் டிக் கட்டளையை இட்டால், வேரிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வரும் முழு வழியையும் கண்ணால் பார்க்கலாம்.

ஊனமான கையளிப்பும் அதன் ஆபத்தும்

தாய் கைகாட்டும் சேவையகம் பதில் சொல்லாமலோ, அந்த வலயம் தன்னிடம் இல்லை என்று மறுத்தாலோ, அதை ஊனமான கையளிப்பு என்பார்கள். இரண்டில் ஒன்று ஊனமானால் பெயர் தாமதமாகத் திறக்கும். யாரும் முறையிடாததால் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடக்கும். மற்றதும் விழும் நாளில்தான் தெரியவரும்.

தாமதத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. வாடகைச் சேவை ஒன்றில் வலயத்தை வைத்திருந்து, பணம் கட்டாமல் கணக்கு மூடப்பட்டு, தாய்க் கோப்பில் கைகாட்டி மட்டும் எஞ்சியிருந்தால், சில சேவைகளில் வேறொருவர் அதே பெயரில் வலயம் திறந்து, உங்கள் உப ஆள்களத்தையே தனதாக்கிக்கொள்ள முடியும். அவரால் அந்தப் பெயர்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழும் பெற முடியும். உப ஆள்களத்தில் உள்ள ஒரு பக்கம், பொதுவாக, தாய் ஆள்களம் முழுவதற்கும் செல்லும் குக்கியை உலாவியில் வைக்கவும் முடியும் என்பதால், கிளையின் கவனக்குறைவு தலைமையின் உள்நுழைவுப் பக்கத்தையும் தொடும். கையளிப்பதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு உங்கள் பெயருக்குக் கீழே உப ஆள்களம் கொடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன்.

கையொப்பமிட்ட வலயங்கள்

விடைகள் போலியல்ல என்று சரிபார்க்க உதவும் டிஎன்எஸ்செக் முறையில் தாய் வலயம் கையொப்பமிடப்பட்டிருந்தால், சேயையும் அந்தச் சங்கிலியில் சேர்க்கலாம். வேர் வலயம் 2010 ஜூலையில் கையொப்பமிடப்பட்டதிலிருந்து, இந்தச் சங்கிலியை உச்சியிலிருந்தே தொடங்க முடிகிறது. சேய் தன் திறவுகோலை உருவாக்கித் தன் வலயத்தில் கையொப்பமிடும்; அந்தத் திறவுகோலின் சுருக்கம் டிஎஸ் பதிவாகத் தாய் வலயத்தில் ஏறும். என்எஸ் பதிவைப் போலல்லாமல், டிஎஸ் பதிவுக்குத் தாயே அதிகாரபூர்வமான இடம். அதில் தாய் கையொப்பமும் இடுகிறது. இன்று தொடங்குவோருக்கு 13ஆம் இலக்க வழிமுறையும் 2ஆம் இலக்கச் சுருக்க வகையும் பொருத்தமானவை.

ஒழுங்கு இங்கேயும் அதுவே. முதலில் சேய் கையொப்பமிட்டு, பழைய விடைகளின் ஆயுட்காலம் தீரும் வரை காத்திருந்து, அதன் பிறகே டிஎஸ் ஏற வேண்டும். கையொப்பத்தை நீக்கும்போது ஒழுங்கு தலைகீழாகும். டிஎஸ் இருக்கும்போது சேயின் கையொப்பம் இல்லாமல் போனால், சரிபார்க்கும் ரிசால்வர்கள் விடையையே ஏற்க மறுத்துவிடும். பெயர் அவர்களைப் பொறுத்தவரை இறந்ததற்குச் சமம். கையொப்பங்களுக்குக் காலாவதித் திகதி உண்டு என்பதால் சேவையகத்தின் மணிக்கூடும் சரியாக இருக்க வேண்டும்.

சேவையகங்களை மாற்றுதலும் கையளிப்பை மீளப் பெறுதலும்

ஒரு சேவையகத்தை மாற்றுவதென்றால், புதியதை முதலில் நிறுத்தி வலயத்தை ஏற்றுங்கள். பின்பு சேய்க் கோப்பில் என்எஸ் வரியை மாற்றி, அன்றே தாய்க் கோப்பிலும் மாற்றுங்கள். பழையதை உடனே அணைக்காதீர்கள். இரண்டு பட்டியல்களில் எதன் ஆயுட்காலம் நீண்டதோ அது தீரும் வரை பழையதும் சரியான விடையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எல்லோரும் வற்றாப்பளைக் கோயிலில் நிற்கும் வைகாசிப் பொங்கல் நாளிலும், வெள்ளிக்கிழமை மாலையிலும் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது உங்கள் நிம்மதிக்கு நல்லது.

கிளை மூடப்பட்டாலோ, பெயர்களைத் தலைமையே திரும்ப எடுத்துக்கொள்ள விரும்பினாலோ, சேயில் இருக்கும் பதிவுகளை முதலில் தாய்க் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு இருக்கும் வரை அவை மறைந்தே இருக்கும், ஒரு கெடுதியும் செய்யாது. டிஎஸ் பதிவு இருந்தால் அதை முதலில் நீக்கி அதன் ஆயுட்காலம் தீரக் காத்திருங்கள். பிறகு என்எஸ் வரிகளையும் ஒட்டுப் பதிவையும் ஒன்றாக நீக்கித் தொடர் எண்ணைக் கூட்டி ஏற்றுங்கள். பெயர்2 சேவையகத்திலிருந்து சேய் வலயத்தையும் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அது மட்டும் பழைய கோப்பையே ஓதிக்கொண்டிருக்கும். கொழும்பில் உள்ள வாடகைச் சேவையகத்தை இன்னும் இரண்டு நாள் ஓடவிட்டு, அதன் பதிவேட்டில் முல்லை பற்றிய கேள்விகள் ஓய்ந்ததைப் பார்த்த பின்பே கணக்கை மூடுங்கள்.